ஜிஆர்இ-க்கு வேர்ட்ஸ் ஏத்த எது சரி: லிஸ்ட்டா, அன்கி ஆப்பா, நார்மன் லூயிஸ் புக்கா, இல்ல படிச்சே ஏத்தறதா?

பெங்களூர்ல பிடிஎம், மடிவாளா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பிஜி-ல இருக்கிற நம்ம ஊர் ஆளுங்கள்ல யாராவது ஒருத்தர் எப்பவும் ஏதோ ஒரு எக்ஸாமுக்குப் படிச்சிட்டேதான் இருப்பாங்க. ஆன்சைட் வரும் வரும்னு பார்த்து அலுத்துப்போய் எம்எஸ் போயிடலாம்னு ஜிஆர்இ எடுக்கிறவங்க ஒரு பக்கம், பன்னேர்கட்டா ரோட்ல போகும்போதெல்லாம் ஐஐஎம் வாசலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு எம்பிஏ-க்கு கேட் (CAT) எழுதறவங்க ஒரு பக்கம், அப்புறம் ஊர்ல இருந்து வந்து அண்ணன் ரூம்ல தங்கி மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி எக்ஸாமுக்குப் படிக்கிற தம்பிங்க. மூணு கோஷ்டியும் கேக்கிற கேள்வி ஒண்ணேதான், வொகாபுலரிக்கு என்ன பண்றது? ஆனா மூணு பேருக்கும் ஒரே பதில் சொன்னா அது தப்பான பதில்.

எந்த எக்ஸாம்னு முதல்ல பாருங்க, ஏன்னா பாதிப் பேர் தேவையே இல்லாத எக்ஸாமுக்கு லிஸ்ட் உருப்போட்டுட்டு இருக்காங்க. கேட்-ல விஏஆர்சி, அதாவது இங்கிலீஷ் பகுதி, 40 நிமிஷம், கடைசி சில வருஷமா 24 கேள்வி, அதுல 16 பாசேஜ் கேள்வி, மிச்சம் பாரா ஜம்பிள், சம்மரி, பொருந்தாத வாக்கியம் கண்டுபிடிக்கிறது இந்த மாதிரிதான், சினானிம் ஆன்டோனிம்னு நேரடியா கேக்கிறதெல்லாம் போயாச்சு. எம்பிஏ-க்கே இன்னொரு எக்ஸாமான ஜிமேட்-ல சென்டன்ஸ் கரெக்‌ஷனையே தூக்கிட்டாங்க, இப்ப வெர்பல்ங்கிற இங்கிலீஷ் பகுதி 45 நிமிஷம் 23 கேள்வி, ரீடிங்கும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டும்தான். இந்த ரெண்டுக்கும் படிக்கிறவங்க இந்தக் கட்டுரையை இங்கயே மூடிட்டு ஏதாவது நீளமான கட்டுரை ஒண்ணு எடுத்து வாசிச்சா அது உங்களுக்கு இன்னும் பிரயோஜனம். எஸ்எஸ்சி சிஜிஎல் நேர் எதிர், முதல் கட்டமான டயர் 1-ல 100 கேள்விக்கு 25 இங்கிலீஷ், டயர் 2-ல 45, ரெண்டுலயும் சினானிம், ஆன்டோனிம், ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன், இடியம்னு வார்த்தையை வார்த்தையாவே கேப்பாங்க, அங்க லிஸ்ட் உருப்போடறவன்தான் ராஜா.

ஜிஆர்இ ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, அதனாலதான் குழப்பமே. 2023 செப்டம்பர்ல எக்ஸாமைச் சுருக்கினதுக்கு அப்புறம் மொத்தமே 1 மணி 58 நிமிஷம், வெர்பல்ல 27 கேள்வி, முதல் செக்‌ஷன் 12 கேள்விக்கு 18 நிமிஷம், ரெண்டாவது 15 கேள்விக்கு 23 நிமிஷம். முதல் செக்‌ஷன்ல எப்படிப் பண்றீங்களோ அதை வச்சுத்தான் ரெண்டாவது கஷ்டமா வரும் இல்ல சுலபமா வரும். இந்த 27-ல கிட்டத்தட்ட பாதி பாசேஜ், மிச்சப் பாதி டெக்ஸ்ட் கம்ப்ளீஷனும் சென்டன்ஸ் ஈக்விவலன்ஸும், அதாவது கோடிட்ட இடத்தை நிரப்பறது. வொகாபுலரி வேலை பெரும்பாலும் இந்தப் பாதிக்குத்தான்.

இங்க ஒரு பழைய கதை தெரிஞ்சுக்கணும். 2011 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி ஜிஆர்இ-ல ஆன்டோனிம், அனாலஜி ரெண்டும் இருந்துச்சு, ஒரு வார்த்தை கொடுப்பான், எதிர்ப்பதம் சொல்லணும், தெரிஞ்சா மார்க் தெரியலைன்னா போச்சு. அந்தக் காலத்துல எழுதிட்டு அமெரிக்கா போன அண்ணனுங்கதான் இன்னைக்கும் போன் பண்ணா "பேரன்ஸ் 3500 முடிச்சியா"ன்னு, பேரன்ஸ் கம்பெனியோட 3500 வார்த்தை லிஸ்ட்டைக் கேப்பாங்க. அவங்க சொல்றது அவங்க எழுதின எக்ஸாமுக்கு சரி. அந்த எக்ஸாம் இப்ப இல்ல.

இப்ப என்ன கேக்கறான்னு ஒரு சாம்பிள் பாருங்க, நானே சொந்தமா கட்டினது. ஒரு புத்தகத்துக்கு ஒரு விமர்சகர் விமர்சனம் எழுதியிருக்கார், ஆரம்பத்துல நல்லா இருக்குங்கிறார், ஆனா ஒவ்வொரு பாராட்டுக்குப் பின்னாடியும் "இருந்தாலும்"னு ஒண்ணு சேர்த்திருக்கார், அதனால அவரோட பாராட்டு எப்படிப்பட்டதுன்னு கேள்வி. ஆப்ஷன்ல 'குவாலிஃபைட்'னு ஒண்ணு இருக்கும். நமக்கு குவாலிஃபைட்னா டிகிரி வாங்கினவன், நீட் பாஸ் பண்ணவன், அதனால அதைக் கண்ணால பார்த்ததும் ஒதுக்கிட்டு பக்கத்துல இருக்கிற வாயில நுழையாத வார்த்தையை டிக் பண்ணிடுவோம். சரியான விடை குவாலிஃபைட் தான், அங்க அதுக்கு அளவா, நிபந்தனையோட, முழுசா இல்லாமன்னு அர்த்தம். இதே மாதிரி 'செக்'னா தடுத்து நிறுத்தறது, 'ஃப்ளாக்'னா சோர்ந்து போறது, 'வான்ட்'னா பற்றாக்குறை, 'பெடஸ்ட்ரியன்'னா ரோட்ல நடக்கிறவர் இல்ல, சுவாரஸ்யமே இல்லாத சாதாரண விஷயம், 'சாங்ஷன்' அனுமதியும் ஆகும் தண்டனையும் ஆகும். ரூம்ல, ஆபீஸ்ல மாக் டெஸ்ட் எழுதிட்டு வந்து ஸ்கிரீனைக் காட்டறவங்களோட தப்புகளை உக்காந்து பார்த்தா பெரும்பாலும் கதை இதுதான், தெரியாத வார்த்தையால போன மார்க் கம்மி, தெரியும்னு நினைச்ச வார்த்தையால போனதும், 'ஆல்பீட்' 'ஃபார் ஃப்ரம்' மாதிரி வாக்கியத்தைத் திருப்பிப் போடற சின்னச் சொல்லைக் கவனிக்காததால போனதும்தான் அதிகம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது இந்த ஓட்டையை அடைக்குதான்னு கேட்டுப் பாருங்க, என்னோட அளவுகோல் அதுதான்.

அந்த அளவுகோல்ல முதல்ல விழறது 3500 வார்த்தை பிடிஎஃப். டெலிகிராம்ல ஃப்ரீயா சுத்துது, பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு மேஜை மேல வச்சா படிச்ச மாதிரியே ஒரு திருப்தி வரும், அதுக்கு மேல ஒண்ணும் வராது. ஏ-ல ஆரம்பிச்சு 'அபேட்' 'அப்டிகேட்' 'அபரேஷன்' எல்லாம் தண்ணிபட்ட பாடு, சி தாண்டறதுக்குள்ள ஸ்பிரின்ட் ரிலீஸ் வந்துரும், திரும்ப ஒரு மாசம் கழிச்சு ஏ-ல இருந்து. ஏ-ல ஆரம்பிக்கிற வார்த்தையா கேளுன்னு ஜிஆர்இ நடத்தற ஈடிஎஸ்-கிட்ட சொல்லவா முடியும்? அதைவிடப் பெரிய கோளாறு, லிஸ்ட்ல ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கும். 'ஃப்ரூகல்' பக்கத்துலயும் 'பார்சிமோனியஸ்' பக்கத்துலயும் ஒரே மாதிரி காசு செலவழிக்காதவன்னு போட்டிருப்பான், ஆனா ஒண்ணு சிக்கனம் இன்னொண்ணு கஞ்சத்தனம், வாக்கியத்துல பாராட்டற தொனி இருக்கும்போது ரெண்டாவதைப் போட்டா தப்பு.

பேரன்ஸே சின்னதா 333 ஹை ஃப்ரீக்வன்சின்னு ஒண்ணு வச்சிருக்கான், மன்ஹாட்டன்ல 500 எசென்ஷியல் 500 அட்வான்ஸ்டுன்னு ரெண்டு அட்டைப்பெட்டி, மகூஷ்ல 1000 வார்த்தை ஃப்ளாஷ்கார்ட் ஆப் இலவசமா இருக்கு. இந்த மாதிரி ஆயிரம் வார்த்தை ரேஞ்ச்ல இருக்கிற எதையாவது ஒண்ணு எடுத்தா போதும், எதுன்னு ரொம்ப யோசிக்காதீங்க, ஒண்ணுல இருக்கிறதுல பெரும்பங்கு இன்னொண்ணுலயும் இருக்கும். மூணையும் டவுன்லோட் பண்ணி எது பெஸ்ட்னு யூட்யூப்ல ஒப்பிட்டுப் பார்த்துட்டே ஒரு மாசம் ஓட்டறவங்களும் இருக்காங்க.

எதை எடுக்கிறோம்ங்கிறதைவிட எப்படித் திரும்பப் பார்க்கிறோம்ங்கிறதுதான் விஷயம், அங்கதான் அன்கிங்கிற ஃப்ளாஷ்கார்ட் ஆப் வருது. ஜெர்மன்காரர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லயே அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி எவ்வளவு வேகமா மறக்குதுன்னு அளந்து வச்சார், முதல் நாள்லயே பெரும்பகுதி போயிடுது, அப்புறம் மெதுவா போகுது. மறக்கப் போற நேரத்துல ஒரு தடவை ஞாபகப்படுத்தினா அடுத்த தடவை இன்னும் லேட்டா மறக்கும், அந்த இடைவெளியைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்னு போலந்துல பியோட்டர் வோஸ்னியாக் 1980-கள்ல சூப்பர்மெமோங்கிற சாஃப்ட்வேரை எழுதினார், அந்தக் கணக்கை எடுத்து 2006-ல டேமியன் எல்ம்ஸ் அன்கியைக் கொடுத்தார். லேப்டாப்ல இலவசம், ஆண்ட்ராய்டுல அன்கிட்ராய்டு இலவசம், ஐபோன் ஆப்புக்கு மட்டும் காசு, அதுவும் கொஞ்சம் தீட்டிடுவான், ஐபோன்காரங்க ப்ரௌசர்ல அன்கிவெப் ஓப்பன் பண்ணி சமாளிக்கலாம். 2023 கடைசியில எஃப்எஸ்ஆர்எஸ்னு புதுக் கணக்கு ஒண்ணும் சேர்த்திருக்காங்க, செட்டிங்ஸ்ல ஆன் பண்ணிக்கோங்க.

ஆனா மத்தவங்க போட்டு வச்ச ரெடிமேட் கார்டுக் கட்டை, அதாவது டெக்கை, இறக்கி அப்படியே தட்டிட்டு இருந்தா பழைய பிடிஎஃப்தான் புது வேஷத்துல வந்திருக்குன்னு அர்த்தம். முன்பக்கம் 'டெம்பர்', பின்பக்கம் 'குறைத்தல்', பார்த்த உடனே ஆ தெரியும்னு 'குட்' பட்டனை அமுக்கிட்டுப் போயிடுவோம். கார்டு இப்படி இருக்கணும். முன்பக்கம் "ஹிஸ் ஆப்டிமிசம் வாஸ் டேஷ் பை எக்ஸ்பீரியன்ஸ்", நடுவுல கோடு, கோட்டுக்குப் பக்கத்துல முதல் எழுத்து டி மட்டும். பின்பக்கம் 'டெம்பர்ட்', கீழ அதே வார்த்தையை வச்சு நீங்களே எழுதின இன்னொரு வாக்கியம், ஓரத்துல பிளஸ்ஸா மைனஸா நடுநிலையான்னு ஒரு குறி. மேனேஜரைத் திட்டியே எழுதுங்க, மனசுல நிக்கும், யாரும் பார்க்கப் போறதில்ல. ஒரு கார்டு போட ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அந்த நேரம் வீண்னு தோணும், வீணே இல்ல, கார்டு எழுதறதுதான் பாதிப் படிப்பு.

அன்கியோட பெரிய ஆபத்து ஆர்வக்கோளாறு. டீஃபால்ட்டா ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு, முதல் வாரம் ஜாலியா போகும், சில வாரம் கழிச்சு தினமும் ரிவ்யூவே நூறைத் தாண்டி நிக்கும், ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்தா அந்த எண்ணைப் பார்த்தே ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிடுவாங்க, கண்ணால பார்த்திருக்கேன். 12-ன்னு குறைச்சு வச்சுக்கோங்க. 12-ன்னா ஆயிரம் வார்த்தைக்கு மூணு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி, போதும். இன்னொண்ணு, இது இந்த ஊர் டிராஃபிக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு சமாச்சாரம், 500டி-ல சில்க் போர்டு பக்கம் பஸ் நகராம நிக்கும்போது, கண்டக்டர் முந்தெ ஹோகி முந்தெ ஹோகின்னு தள்ளிட்டு இருக்கும்போது, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால செய்ய முடியற ஒரே படிப்பு இதுதான். பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ யெல்லோ லைன் வந்ததுக்கு அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டிக்காரங்களுக்கு அந்தச் சாக்கும் போச்சு, ஆர்வி ரோட்ல ஏறினா ஆபீஸ் போறதுக்குள்ள அன்னைக்கு ரிவ்யூவை முடிச்சிடலாம்.

நார்மன் லூயிஸ். 1949-ல வந்த 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்னும் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையிலயும் நடைபாதையிலயும் அடுக்கி வச்சிருக்காங்க, நம்ம வீட்ல யாராவது சித்தப்பா கையெழுத்துப் போட்ட பழைய காப்பி ஒண்ணும் இருக்கும். நல்ல புத்தகம், அதுல சந்தேகமே வேண்டாம், லத்தீன் கிரேக்க வேர்ச்சொல்லை வச்சு கொத்துக் கொத்தா வார்த்தையைச் சொல்லித் தர்றது, ஒவ்வொரு செஷன்லயும் நம்மளையே எழுத வைக்கிறது, உச்சரிப்பு கொடுக்கிறதுன்னு இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆள் கம்மி. ஆனா அதோட ஆரம்ப அத்தியாயங்கள்ல ஒண்ணு டாக்டருங்க பேர், டெர்மடாலஜிஸ்ட், ஆப்தல்மாலஜிஸ்ட், ஆர்தோபீடிஸ்ட்னு வரிசையா வரும். ஜிஆர்இ அதைக் கேக்கப் போறதில்ல. எஸ்எஸ்சி ஒன் வேர்ட்ல கேப்பான், 'மிசாஜினிஸ்ட்' 'பாலிகிளாட்' எல்லாம் அங்க பழைய தோஸ்துங்க. அதனால எஸ்எஸ்சி தம்பிகளுக்கு இது முதல் சாய்ஸ், ஜிஆர்இ-காரங்களுக்கு ஆறு மாசம் டைம் இருந்தா மட்டும். வேர்ச்சொல் நல்ல துணை, ஆனா சில இடத்துல காலை வாரி விடும், 'எனர்வேட்'னு பார்த்தா எனர்ஜி மாதிரி தெரியும், அர்த்தம் தெம்பை உறிஞ்சறது, 'நாய்சம்'க்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்ல, அது துர்நாற்றம், 'டிஸ்இன்ட்ரஸ்டட்'னா ஆர்வமில்லாதவன் இல்ல, பாரபட்சமில்லாதவன். ஜிஆர்இ-காரனுக்கு இந்த மாதிரி வார்த்தைங்க மேல தனிப் பாசம்.

படிச்சே ஏத்தறதுங்கிறது எல்லாருக்கும் பிடிச்ச அட்வைஸ், ஏன்னா கேக்க மரியாதையா இருக்கு. தினமும் ஹிந்து எடிட்டோரியல் படின்னு அப்பாவே சொல்வார். ஹிந்து எடிட்டோரியல் நல்லதுதான், ஆனா அதுல பழகற வார்த்தை தீர்ப்பு, மசோதா, நிதிப்பற்றாக்குறை இந்த உலகம், யூபிஎஸ்சி-க்குப் பொருந்தும். ஜிஆர்இ பாசேஜ் வேற மாதிரி, ஒரு ஓவியரைப் பத்தி ரெண்டு வரலாற்றாசிரியர்கள் சண்டை, எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்குதுங்கிறதுல பழைய தியரியை ஒருத்தர் மறுக்கிறார், அந்த மாதிரி, வாக்கியமும் நாலு வரிக்கு நீளும். அதுக்கு ஈயான், நியூ யார்க்கர், சயின்டிஃபிக் அமெரிக்கன், ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் டெய்லில வர்ற லிங்க் இதெல்லாம்தான் பக்கத்துல வருது. குவாலிஃபைட் மாதிரி வார்த்தையோட ரெண்டாவது அர்த்தம் இங்கதான் இயல்பா கண்ல படும், எந்த லிஸ்ட்லயும் படாது. குறை என்னன்னா ரொம்ப மெதுவு, இன்னைக்குப் பார்த்த வார்த்தையைத் திரும்பப் பார்க்க ரெண்டு மாசம் ஆகலாம், அதுக்குள்ள மறந்திருக்கும். அதனால படிக்கிறதை மட்டும் நம்பறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதைதான், ஒரு கட்டுரைக்கு மூணு நாலு வார்த்தையை எடுத்து, அது வந்த வாக்கியத்தோடயே அன்கில போட்டாத்தான் தங்கும். பகல் பூரா ஜிரா டிக்கெட்டும் ஸ்லாக் மெசேஜும் மட்டுமே இங்கிலீஷ்ல படிக்கிற நமக்கு நீளமான வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போற பழக்கமே விட்டுப்போச்சு, அதைத் திரும்பக் கொண்டுவரவாவது இது வேணும்.

கோச்சிங் பத்தி ரெண்டு வரி. கணக்குப் பகுதியான குவான்ட்டுக்கோ, அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஓபி-க்கோ, நேரத்துக்கு உக்கார வைக்க ஆள் வேணும்ங்கிறதுக்கோ சேர்றது உங்க இஷ்டம், வொகாபுலரிக்காகச் சேராதீங்க, அங்கயும் ஒரு லிஸ்ட்டைக் கொடுத்து அடுத்த சனிக்கிழமை டெஸ்ட்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வாட்ஸ்அப் வேர்ட் ஆஃப் தி டே குரூப் எல்லாம் குட் மார்னிங் மெசேஜ் ரகம்.

நெமோனிக்ஸ் மட்டும் கொஞ்சம் நல்லாவே சொல்லணும், ஏன்னா இதுல நம்ம ஆளுங்க ஏமாந்துபோறாங்க. ஆன்லைன்ல சுத்தறதுல நிறைய ஹிந்தி சத்தத்தை வச்சுக் கட்டினது, ஹிந்தியே தட்டுத்தடுமாறிப் பேசறவனுக்கு ரெண்டு மொழியில ஒரே நேரத்துல குழப்பம். நம்ம மொழியிலயே கட்டுங்க. 'மாலிஃபை'க்கு என் ரூம்மேட், மதுரைக்காரன், கட்டினது மல்லிப்பூ: கோபமா இருக்கிற வீட்டம்மாவை மல்லிப்பூ வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்றது. கல்யாணமே ஆகாதவன், ஆனா அந்த வார்த்தை எங்க ரூம்ல ஒருத்தருக்கும் மறக்கல. 'பால்'னு ஒரு வினைச்சொல் இருக்கு, அலுத்துப்போறதுன்னு அர்த்தம், தினமும் ராத்திரி பால் குடிச்சா அலுத்துப்போகும்தானே, முடிஞ்சது. ஆனா எல்லா வார்த்தைக்கும் இப்படிக் கட்ட உக்காராதீங்க, அன்கில மறந்துபோச்சுன்னு நாலஞ்சு தடவை 'அகெய்ன்' பட்டனை அமுக்கியும் நிக்காம அடம்பிடிக்கிற வார்த்தைக்கு மட்டும்.

இதெல்லாம் வச்சுப் பார்த்தா, டைம் எவ்வளவு இருக்குங்கிறதுதான் முடிவு பண்ணும். ஆறு வாரம்தான் இருக்குன்னா ஆயிரத்தைத் தொடாதீங்க, 333 இல்ல 500 லிஸ்ட், ரெடிமேட் டெக்கே போதும், மிச்ச நேரம் முழுக்க ஈடிஎஸ்-ஓட அஃபிஷியல் கேள்விகள், மத்தவங்க கட்டின கேள்வியில வார்த்தை கஷ்டமா இருக்கும், வாக்கியத்தோட லாஜிக் அந்த அளவுக்கு இறுக்கமா இருக்காது. மூணு நாலு மாசம் இருந்தா ஆயிரம் வார்த்தை, சொந்தக் கார்டு, நாளைக்கு 12, வாரத்துல ரெண்டு மூணு நீளமான கட்டுரை, நான் யார் கேட்டாலும் சொல்றது இதைத்தான். ஆறு மாசத்துக்கு மேல இருக்கு, அதோட ஸ்கூல் முழுக்கத் தமிழ் மீடியம்னா முதல் ரெண்டு மாசம் நார்மன் லூயிஸ், அப்புறம் மேல சொன்னது. தமிழ் மீடியம்னு தயங்கவே வேண்டாம், சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ்ல ஆறு ஆப்ஷன்ல ரெண்டைப் பிடிக்கணும், ஒண்ணு சரி ஒண்ணு தப்புன்னா மார்க் கிடையாது, அங்க இங்கிலீஷ் மீடியம்காரன் காதுக்கு நல்லா இருக்குன்னு போட்டுட்டுப் போவான், நீங்க வாக்கியத்தை உக்காந்து பிரிச்சுப் பார்ப்பீங்க.

ஈடிஎஸ் ரெண்டு பவர்ப்ரெப் டெஸ்ட் இலவசமாவே கொடுக்கிறான். ஒண்ணை ஆரம்பத்துலயே எழுதிடுங்க, எழுதிட்டு தப்பான கேள்வி ஒவ்வொண்ணு பக்கத்துலயும் வார்த்தை தெரியல, வார்த்தை தெரியும் அர்த்தம் வேற, வாக்கியம் புரியல, இந்த மூணுல எதுன்னு குறிங்க. முதல் வகை அதிகம்னா லிஸ்ட் பக்கம் சாயுங்க, மத்த ரெண்டும்னா படிக்கிறது பக்கம். ரெண்டாவது டெஸ்ட்டைக் கடைசி ரெண்டு வாரத்துக்கு வச்சுக்கோங்க, அதோட புதுக் கார்டையும் நிறுத்திடுங்க, அன்கி செட்டிங்ஸ்ல 12-ஐ ஜீரோ ஆக்கினா போதும், ரிவ்யூ மட்டும் தானா வந்துட்டு இருக்கும்.